லெச்சினோவுக்கு ஓலை வாசித்த கதை

ஐஸ் கம்பெனியைத் தவிர வேறெங்கும் பனியைக் கண்டிராத ஊர் அது. அப்படிப்பட்ட தூத்துக்குடி, உப்பளத்து வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போய், தன் தாய்க்குப் பனிமய மாதா என்று பேர் சொல்லி, ஆடிக் காற்றில் புழுதி முகத்தில் அறைய வியர்க்க விறுவிறுக்கத் திருவிழா எடுத்துக்கொண்டு, அதில் விநோதம் ஒன்றும் இல்லை என்று தலைமுறை தலைமுறையாக நம்பிக் கிடந்ததால்தான், நங்கூரத் தெருவில் மச்சாது வீட்டு முற்றத்தில் ஒரு மரத்தின் நிழலுக்குள் மட்டும் குளிர்காலம் வந்து இறங்கியபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வீட்டுக்காரி ஜெசிந்தா. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். கைக்குட்டையை நாலாய் மடிக்கவும், கூட்டெழுத்தில் ஆங்கிலம் எழுதவும், முட்டாள்களைப் பார்த்துப் புன்னகைக்கவும் அங்கே கற்றுக்கொண்டாள். மூன்றாவது மட்டும் கல்யாணமான கொஞ்ச நாளில் மறந்துபோயிற்று. பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு தேசத்தில். வீட்டில் அவளும், துறைமுகத்தில் சரக்கு எண்ணி ஓய்வுபெற்ற அவள் புருஷன் பெனடிக்ட் மச்சாதும்தான். எல்லாருக்கும் இருக்கிற மாதிரி அவளுக்கும் குறைகள் உண்டு, ஆனால் மற்றதையெல்லாம் வாயாலேயே தீர்த்துவிடுவாள். தீர்க்க முடியாதது ஒன்றுதான். தூக்கம்.

மாதவிலக்கு நின்ற வருஷத்திலிருந்து அவள் உடம்புக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அணைக்க மறந்து போய்விட்டார்கள். படுத்தால் பிடரியிலிருந்து அனல் கிளம்பும், தலையணை நனையும், எழுந்து உட்கார்ந்தால் குளிரவும் குளிராது. டாக்டரம்மா "வயசு" என்றாள். பெனடிக்ட் "ஃபேனைக் கூட்டி வை" என்றார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கொரேரா, மாதா சபைத் தலைவி, "ஜெபமாலை சொல்லுங்க மைனி, அம்பத்து மூணு மணியும் உருளுறதுக்குள்ள கண்ணு சொருகிரும்" என்றாள். ஜெசிந்தா மணியை உருட்டிப் பார்த்தாள், மணிதான் தேய்ந்தது. மீன் குழம்பில் உப்புக்குப் பதில் சீனி விழுந்தது. பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றபடியே கண்ணயர்ந்தவள், முறை வந்து சாமியார் "சொல்லும்மா" என்றபோது, பால்காரன் என்று நினைத்து "அரை லிட்டர் போதும்" என்றாள்.

மரம் வந்தது வத்தலக்குண்டிலிருந்து. கொடைக்கானலில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போய்விட்டு மலை இறங்கும்போது, ரோட்டோரம் நர்சரி பலகையில் ஒலிவம் என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பெனடிக்ட் காரை நிறுத்தச் சொன்னார். வேதத்தில் வருகிற மரம் வீட்டில் நின்றால் என்ன என்று அவருக்கு ஓர் ஆசை. அவர் ஆசைகளெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற வேலை வேறொருவருக்கு விழுகிற வகை ஆசைகள்.

நர்சரிக்காரர் சுருளிவேல் மரம் நட்ட ஒவ்வொரு டிரம்மாகக் காட்டிக்கொண்டு வந்தார். "இது அர்பெக்கினா சார். ஸ்பெயின் சரக்கு. தொட்டியிலயே நிக்கும், சொன்ன பேச்சக் கேக்கும், சோடி இல்லாமத் தன்னாலயே காய்க்கும். இது கொரனேக்கி, கிரீஸ் நாடு. வெயிலுக்கு அசையாது, ஆனா காய் சுண்டைக்காய் தண்டிதான். அந்தா இருக்கறது பிக்குவால். எண்ணெய்ன்னா அதான் எண்ணெய், நாக்குல வச்சா மட்டும் ஆகாத மாமியார் கணக்கா கசக்கும்."

பெனடிக்ட் கைபேசியைத் திறந்து ஒவ்வொரு பேரையும் தட்டித் தட்டி, இதன் எண்ணெய் அதைவிட எத்தனை பங்கு என்று கப்பல் சரக்கை இறக்குகிறவர் மாதிரி சரிபார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஜெசிந்தாவின் மண்டையில் இறங்கி, உள்ளே எரிகிற அடுப்போடு கைகுலுக்கியது. அவள் கண்ணில் பட்டது கடைசியில் நின்ற மரம். கிளை தாழ்ந்து, இலையின் அடிப்பக்கம் அயிரைமீன் வயிறு மாதிரி வெள்ளியாகப் புரள, தரையில் நல்ல நிழலைக் கொட்டி வைத்திருந்தது.

"இது என்ன?"

"லெச்சினோம்மா. இத்தாலி. அழகா இருக்கும், ஆனா வேண்டாம். சோடி ரகம் பக்கத்துல இல்லாட்டிக் காய்க்காது. அதோட குளிர் கேக்கும். குளிர் பட்டாத்தான் பூவெடுக்கும்."

"எனக்குக் காயும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். நிழல் போதும். இதை ஏத்துங்க."

"ஜெசி, கொஞ்சம் பொறு, கொரனேக்கிக்கு என்ன போட்டிருக்கான்னா..."

"நீங்க பாத்து முடிக்கதுக்குள்ள நான் கருவாடு. ஏத்துங்கன்னேன்."

"தூத்துக்குடியில குளிருக்கு என்னம்மா செய்வீங்க?" என்றார் சுருளிவேல்.

"அது அது பாடு" என்றாள் ஜெசிந்தா.

மரம் அதைக் கேட்டிருக்க வேண்டும். முற்றத்தில் நட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, அது உப்புத் தண்ணீர் என்று தெரிந்ததும் சுணங்கி, பிறகு வேறு வழியில்லை என்று கண்ட மருமகளைப் போலத் தெளிந்து, தளிர்விட்டு, நிழல் தரையில் அழுத்தமாக விழத் தொடங்கிய ஒரு மத்தியானத்தில், தனக்கு வேண்டிய குளிரைத் தானே வரவழைத்துக்கொண்டது. நிழலின் ஓரத்துக்கு வெளியே கால் வைத்தால் சிமெண்டு சுட்டது. உள்ளே வைத்தால் கட்டைவிரல் மரத்தது. துணி காயப்போட வந்த ஜெசிந்தா தன் மூச்சு தனக்கு முன்னால் வெள்ளையாகப் போவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஈர வேட்டியைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, உள்ளே போய்த் துணி ஈசிசேரை எடுத்து வந்து நிழலில் விரித்துப் படுத்தாள். பிடரியில் கிளம்பிய அனல் பாதி வழியில் நின்று திரும்பிப் போயிற்று. சாயங்கால ஜெபத்துக்குக் கோயிலில் திருந்தாதி மணி அடித்தபோதுதான் கண் விழித்தாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை, பெனடிக்ட் ரொட்டித் துண்டைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு அழகான காட்சியை அவள் கண்டதில்லை.

அப்படிக் கொஞ்ச காலம் போயிற்று. அது அவளுடைய காலம். நிழல் எங்கே போகிறதோ அங்கே குளிர் போயிற்று. குளிர் எங்கே போகிறதோ அங்கே ஜெசிந்தா ஈசிசேரை இழுத்துக்கொண்டு போனாள். குழம்பில் உப்பு உப்பாக விழுந்தது.

ஆனால் நிழலுக்குக் காம்பவுண்டுச் சுவர் தெரியாது. காலை வெயிலில் அது நீண்டு ஸ்டெல்லாவின் புழக்கடைக்குள் விழ, அங்கே தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து, இட்லி மாவு பொங்காமல் அடம்பிடித்து, கோழி முட்டையிட மறுத்தது. ஸ்டெல்லா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"மைனி, உங்க மரத்துக்கு என்ன, சீக்கா?"

"குளிருது அதுக்கு. அவ்வளவுதான்."

"மாதா பேரே பனி. அவ ஊர்ல பனி வாரதுக்கு இத்தன காலம் ஆனதுதான் அதிசயம்" என்று ஸ்டெல்லா முடித்துவிட்டாள். அதற்குமேல் அந்தத் தெருவில் யாரும் காரணம் கேட்கவில்லை.

கேட்டது இடம்தான். நங்கூரத் தெருவில் கப்பலுக்குப் போகாத வீடு கிடையாது, ஆகவே கம்பளிச் சட்டை இல்லாத வீடும் கிடையாது. ஹாம்பர்க்கிலும் ஒடெசாவிலும் வாங்கி, இந்த ஊரில் ஒரு நாளும் போட வாய்க்காமல், டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு பல வருஷம் கிடந்த ஸ்வெட்டர்களும், காதுமூடிக் குல்லாய்களும், ரோமக் கோட்டுகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சித்திரை வெயில் தார் ரோட்டை உருக்குகிற மத்தியானத்தில், ரோமக் கோட்டு போட்ட ஆண்களும் முக்காட்டுக்கு மேல் கம்பளி சுற்றிய பெண்களும் மச்சாது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். மீன்காரிகள் கூடையை நிழலில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். பூக்காரி பிச்சிப் பூவை ஈரத்துணியில் சுற்றிக் கிளையில் தொங்கவிட்டாள். மாதா சபை தன் வாராந்தரக் கூட்டத்தைக் கோயில் மண்டபத்திலிருந்து அங்கே மாற்றிக்கொண்டது. துறைமுகத்துப் பழைய சகாக்கள் நிழலோடு நிழலாக நாற்காலியை நகர்த்தி நகர்த்திச் சீட்டாடினார்கள். வரவேற்பதில் பெனடிக்டை அடிக்க ஆளில்லை. "வாங்க வாங்க, தள்ளி உக்காருங்க, இன்னும் ஓராள் கொள்ளும்" என்று கையை விரித்து, ஒவ்வொரு தலை உள்ளே நுழையும்போதும் அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரே வாசகத்தைச் சொல்லுவார்.

"ஜெசி, டீ!"

குளிரில் உட்கார்ந்தவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டுமில்லையா. ஸ்டெல்லாவுக்கு இஞ்சி தட்டிப்போட்டு, மாதா சபைக்குச் சீனி குறைத்து, சீட்டுக்காரர்களுக்குச் சாயம் கூட்டி, குளிரைத் தாங்கப் பிறருக்கு டீ போட்டுக்கொண்டு, அடுப்பு முன்னால், தகரக் கூரைக்குக் கீழே, ஜெசிந்தா நின்றாள். பால் பொங்கியது, அவள் உடம்பு பொங்கியது, வெளியே யாரோ "என்னா குளிரு!" என்று கையைத் தேய்த்தார்கள். சாயங்காலம் கூட்டம் கலைந்தால் நிழலும் கலைந்துவிடும். மறுபடி மீன் குழம்பில் சீனி.

வயசான டயஸ் மாலுமி செத்தபோது, நைஜீரியாவில் கப்பலில் இருந்த மகன் வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டாம், இங்கேயே வைப்போம் என்று தீர்மானித்துக் கொண்டுவந்து மரத்தடியில் கிடத்தினார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் டீ. ஆகவேண்டியதைப் பார்த்துவிட்டு ஆட்கள் சாப்பிடப் போன இடைவெளியில் ஜெசிந்தா வந்து அவர் தலைமாட்டில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். அந்தச் சீசனில் அந்த மரத்தடிக்கு வந்தவர்களில் அவர் ஒருவர்தான் டீ கேட்கவில்லை.

"ஓய்வு எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாள். பதில் வராததே அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

அடக்கம் முடிந்த வாரம், பங்குச் சாமியாருக்கு ஒரு யோசனை உதித்தது. சின்ன வயசு, உதிக்கும். நெற்றியில் பூசுகிற பரிசுத்த தைலத்துக்கு ஒலிவ எண்ணெய் எங்கிருந்தோ வருகிறது. நம் மாதாவின் ஊரில் நம் மரத்திலிருந்தே எடுத்தால் என்ன? மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். கிளை கிளையாக வெள்ளைப் பொடிப் பூ. காய் ஒன்றுகூட இல்லை.

"பூக்குது, கொட்டுது. ஏன் மச்சாது?"

"சோடி இல்ல சாமி. நர்சரிக்காரன் அன்னைக்கே சொன்னான். தேனீகூட வேண்டாமாம், காத்தே மகரந்தத்தக் கொண்டு சேத்துருமாம். ஆனா வேற ரகம் ஒண்ணு பக்கத்துல நிக்கணும்."

"அப்ப ஒரு சம்பந்தம் பாத்துருவோம்!" என்றாள் ஸ்டெல்லா. தெருவே சம்பந்தம் பார்த்தது. ஸ்பெயின் ரகம் சொன்ன பேச்சுக் கேட்கும் என்று ஒரு கட்சி. நம்மை மெழுகுதிரி பிடிக்க வைத்தவன் போர்த்துக்கல்காரன், ஆகவே போர்த்துக்கல் ரகம்தான் முறை என்று ஒரு கட்சி. கிரீஸ் ரகத்துக்குக் காய் சிறுசு, வம்சம் குள்ளமாகிவிடும் என்று ரோமக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவர். வாய்ச்சண்டை முற்ற முற்ற டீ கூடிக்கொண்டே போனது. கடைசியில் பெனடிக்ட் வத்தலக்குண்டுக்குப் போன் போட்டு, மணி அடிக்கிறபோதே யாரோ வாசலில் வந்துவிட, "நீ பேசு" என்று அடுக்களைக்குள் கைபேசியை நீட்டிவிட்டுப் போனார்.

"லெச்சினோ வாங்கின அம்மாவா? குளிருக்கு என்னம்மா பண்ணுனீங்க?" என்றார் சுருளிவேல்.

"அதுவே பாத்துக்கிட்டு."

"பாத்துக்குமே" என்றார் அவர், இது ஒரு சமாச்சாரமா என்கிற குரலில். "சோடி கேக்குறீங்களா? பெண்டொலினோ வச்சீங்கன்னா நிச்சயம் காய் பிடிக்கும். ரெண்டும் ஒண்ணாப் பூக்கும். கொரனேக்கி வச்சா அது பூக்கற நேரம் வேற, ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கும், காய் வராது. ஆனா ஒண்ணு யோசிச்சுக்கங்க. காய் பிடிச்சிட்டா மரம் குளிர விட்ரும். பூவுக்காகத்தானே அது குளிரப் பிடிச்சு வச்சிருக்கு? சோலி முடிஞ்சா எதுக்கு? அப்புறம் வெறும் நிழல்தான்."

ஜெசிந்தா பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "திரும்பக் குளிர் வராதா?"

"சோடி நிக்கிற வரைக்கும் வராதும்மா. எதுன்னு சொல்லுங்க, அடுத்த மாசம் லாரி வருது."

"இருங்க" என்று சொல்லி, கைபேசியை அஞ்சறைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். கொரனேக்கி என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் சாகிற வரைக்கும் குளிர் அவள் முற்றத்தில் கிடக்கும். சொல்லுவதற்கு முன்னால் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. அவளுடைய ஈசிசேரில் ஸ்டெல்லா, காலை நீட்டி, கம்பளியைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள்.

"எந்திரி ஸ்டெல்லா. கொஞ்சம் நான் படுக்கேன்."

"ஐயோ மைனி, இப்பத்தான் சூடு ஏத்தி வச்சிருக்கேன்!" ஸ்டெல்லா சிரித்தாள். "உங்களுக்கென்ன, வீட்டுக்காரி. எப்ப வேணும்னாலும் படுக்கலாம். நாங்கதானே பாவம், வீடு விட்டு வீடு வரணும்."

"அவளுக்கென்ன!" என்றார் பெனடிக்டும், சீட்டை விசிறிப் பிடித்தபடி. "பூராப் பொழுதும் வீட்டுலதானே இருக்கா. ஜெசி, அப்படியே வந்ததோட வந்த, இங்க நாலு டீ."

தெருவே பயப்படுகிற அவள் வாயில் சொல்ல ஆயிரம் இருந்தது. ஒன்றையும் எடுக்கத் தெம்பில்லை. உள்ளே போனாள். கைபேசியில் சுருளிவேல் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

"பெண்டொலினோ" என்றாள். "நல்லாப் பூக்கிறதா, பெரிய மரமாப் பாத்து அனுப்புங்க."

சோடி சேர்ப்பதென்றால் முறையாகச் சேர்க்க வேண்டாமா என்று கிளப்பினது ஸ்டெல்லாதான். அந்த ஊரில் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. சாமியார் முதலில் சிரித்தார். பிறகு, படகுக்கும் வலைக்கும் புது பைக்குக்கும் மந்திரித்த கைதானே இது என்று நினைத்தோ, மாதா சபையிடம் யார் வாயைக் கொடுப்பது என்று நினைத்தோ, ஒத்துக்கொண்டார். பிரசங்கம் முடிந்து, அறிக்கைகளோடு அறிக்கையாக வாசித்தார்: நங்கூரத் தெரு பெனடிக்ட் மச்சாது, ஜெசிந்தா இவர்கள் முற்றத்தில் வளரும் லெச்சினோவுக்கும், வத்தலக்குண்டு சுருளிவேல் தோட்டத்தில் வளர்ந்த பெண்டொலினோவுக்கும் மணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள், இது முதல் ஓலை.

முதல் ஞாயிறு சபை சிரித்தது. இரண்டாம் ஞாயிறு சிரிக்கவில்லை, தலையாட்டிக் கேட்டது. மூன்றாம் ஞாயிறு, "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று சாமியார் நிறுத்தி, வழக்கம்போல ஒரு மூச்சுவிடும் நேரம் சபையைப் பார்த்தார்.

தடை அறிந்தவள் ஒருத்தி பெண்கள் பக்கத்தில் நாலாம் வரிசையில் இருந்தாள். அவள் கையிலிருந்த விசிறி நின்றது. பள்ளிக்கூடத்தில் மதர் சுப்பீரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், சொன்ன பொய்யைவிடச் சொல்லாத உண்மை கனமான பாவம் என்று. ஒவ்வொரு பூசையிலும் மார்பில் தட்டி "கடமையில் தவறியதாலும்" என்று சொல்லிவந்த வரி, இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். குளிர் போகாமல் நிற்கும். கூட்டமும் நிற்கும். அடுப்பும் அணையாமல் நிற்கும், அதன் முன்னால் அவளும் நிற்பாள். எழுந்திருக்கலாமா என்று முழங்கால் யோசித்தது. வாழ்நாளெல்லாம் வேண்டாத இடத்திலெல்லாம் பேசிய ஜெசிந்தா மச்சாது வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமியார் தாளை மடித்தார்.

பெண்டொலினோ லாரியில் வந்து இறங்கியது. மாதா சபை பாட்டுப் பாடியது, சாமியார் தீர்த்தம் தெளித்தார், பெனடிக்ட் கோட்டுப் போட்டுக்கொண்டு பெண்ணைப் பெற்றவர் மாதிரி கண் கலங்கினார், ஜெசிந்தா டீ போட்டாள். காற்று மேற்கிலிருந்து புழுதியோடு வந்து இரண்டு மரத்தையும் ஒரு பிடியில் பிடித்துக் குலுக்கியது. வெள்ளைப் பொடி முற்றமெங்கும் பறந்து ரோமக் கோட்டுகளின் மேல் படிந்தது. அது பனிதான் என்று வந்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மத்தியானம், சீட்டாட்டத்தின் நடுவில், பெனடிக்ட் குல்லாயைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஸ்டெல்லா கம்பளியைத் தள்ளினாள். கிளையில் பச்சையாகப் பிஞ்சு உருண்டிருந்தது. அதற்குக் கீழே வெறும் நிழல், ஊரில் எந்த வேப்பமரத்தடியிலும் கிடைக்கிற நிழல். கரண்டு போய்விட்டது மாதிரி எல்லாரும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்கள். வரவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்து வியர்த்துப் பார்த்தார்கள். அதற்கு மறுநாள் நாற்காலிகள் தெருவைத் தாண்டித் திரும்பிப் போயின. கம்பளிகள் புதுப் பாச்சை உருண்டையோடு பெட்டிக்குள் இறங்கின.

"இப்படி ஆகும்னு யாரு கண்டா மைனி?" என்றாள் ஸ்டெல்லா சுவருக்கு மேலிருந்து. "நல்லாத்தானே சம்பந்தம் பண்ணோம்."

"பிள்ளத்தாச்சி மரம். அதுக்கு வேற சோலி இருக்காதா?" என்றாள் ஜெசிந்தா.

காய் கறுத்ததும் சாமியார் வந்து ஒன்றைப் பறித்து வாயில் போட்டு, கண்ணில் நீர் வர, மரியாதையாகக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, தைலம் கடையில் வாங்குகிறதுதான் சரி என்று சொல்லிப் போனார். ஜெசிந்தா காய்களைப் பறித்துக் கீறி, உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்து, நார்த்தங்காய் போடுகிற ஜாடியில் அமிழ்த்தி வைத்தாள். கசப்புப் போக மாசக்கணக்கில் ஆகும். அவளுக்கு அவசரமில்லை.

அன்றைக்கு மத்தியானம் வேலையெல்லாம் முடித்து, ஈசிசேரைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு மரத்துக்கும் நடுவில் விரித்தாள். காற்று அனலாக அடித்தது. பிடரியில் வழக்கமான அடுப்பு பற்றிக்கொண்டது. வியர்வை கழுத்து வழியாக இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. வாசல் கதவு சாத்தியிருந்தது. யாரும் வரவில்லை. இனி வரவும் மாட்டார்கள்.

"ஜெசி, டீ!" என்றார் பெனடிக்ட் உள்ளிருந்து.

இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து பார்த்தார். வெயில் இலைகளுக்குள் புகுந்து அவள் முகத்தில் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. திறந்த வாயில் மூச்சு சீராகப் போய் வந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்று உருண்டது. உப்புவண்டி ஒன்று தெருவில் கடகடத்துக்கொண்டு போயிற்று, அவள் அசையவில்லை. அவர் மூன்றாம் தரம் கூப்பிடவில்லை.

பிறகு அடுக்களைக்குள் போனார். டீத்தூள் டப்பா எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மூடியாகச் சத்தமில்லாமல் திறந்து பார்த்தார். கடுகு, சீரகம், எதுவோ ஒரு பொடி. எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்க வேண்டுமானால் அவளை எழுப்ப வேண்டும். கடைசியில் மூலையிலிருந்த ஜாடியைத் திறந்து, பசிக்கு ஆகட்டும் என்று ஒரு காயை எடுத்து வாயில் போட்டார். கசப்பு நாக்கில் ஏறி, தொண்டைக்கு இறங்கி, காதுவரைக்கும் போயிற்று. வாஷ்பேசின் வரை ஓடினார். குனிந்தவர், துப்பினால் சத்தம் கேட்குமே என்று ஒரு கணம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அதை விழுங்கினார்.